பதினோராம் நம்பர் கட்டில்

கிட்வாய் நகர், புது தில்லி
22.1.1983

அன்பு மகன் தேவநேசனுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் தங்கை எஸ்தரும் சுகம், நீயும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன், ஆனால் உன் கடிதம் வந்த நாள் முதல் உன்மேல் ஆத்திரம் அடங்கவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே குளிர் தாங்கவில்லை, குழாய்த் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. எஸ்தருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும், நல்லவேளை, அண்ணன் சுகமாயிருக்கிறான் என்று மட்டும் சொல்லிக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

டாக்டருக்குப் படிக்கப் போனவன், மூச்சுக்குழாய்க்குள் டியூப் போடக் கற்றுக்கொண்டேன், மூன்றாவது தடவையில் சரியாக இறங்கிவிட்டது என்று என்ன பெருமையாக எழுதியிருக்கிறாய்! யார் தொண்டையில்? பதினோராம் நம்பர் கட்டிலாம். அந்த மனுஷனுக்குப் பெயர் இல்லையா? உயிர் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு நாலு பேர் முறைபோட்டுப் பழகினீர்களாம், அதுவரை பெண்டாட்டி உள்ளே வராமலிருக்க ஊசி மருந்து வாங்கி வா என்று சீட்டு எழுதி அனுப்பினீர்களாம். இதெல்லாம் இங்கே வழக்கம்தான் அம்மா என்கிறாய். செத்தவருக்கு ஊசியா? ஏலே, வெட்கமாயில்லை?

உன் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த அன்றைக்கு இங்கேயும் ஒரு டாக்டர் சீட்டைக் கையில் திணித்து, ஜல்தி லாவோ பஹன்ஜி, சீக்கிரம் வாங்கி வா என்று விரட்டினார். ஓடினேன். முதல் கடை பூட்டியிருந்தது, செருப்பு வேறு அறுந்தது, வெறுங்காலோடு அடுத்த கடைக்கு ஓடி வாங்கி வந்து நீட்டினேன். இப்போதுதான் போனார் என்றார்கள். வாயோரம் ரத்தம், மேல்வரிசையில் முன்பல் ஒன்று உடைந்திருந்தது. கேட்டதற்கு வலிப்பில் கடித்திருப்பார் என்றார்கள். நீ ரயிலில் வந்து சேர்வதற்குள் நான் துடைத்துவிட்டேன், உனக்குத் தெரியாது. அந்தச் செருப்பு அறாமலிருந்தால் அவர் பிழைத்திருப்பாரே என்று ஆறு வருஷமாக என்னையே நான் வைதுகொண்டிருந்தேனடா பாவி! அந்தச் சீட்டு எதற்கு, அந்தப் பல் எப்படி உடைந்தது என்று நீ எழுதித்தான் எனக்கு விளங்கிற்று.

கற்றுக்கொள்ளாதே என்று சொல்லவில்லை, நாளைக்கு மூச்சுத் திணறுகிறவனுக்கு டியூப் போட ஆள் வேண்டாமா? கேட்டுவிட்டுச் செய். என்னைக் கேள், நான் செத்தால் என் தொண்டையில் பழகிக்கொள்ளுங்கள் என்று இப்போதே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஊசி மருந்துக்கு ஓடிய அந்தப் பெண்ணின் விலாசம் உங்கள் ரிஜிஸ்தரில் இருக்கும். இந்தக் கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமையே நேரில் போ. போய்வந்து, அவள் புருஷன் பெயரையும் சேர்த்து எனக்கு எழுது, அதுவரை உன் கடிதம் எதுவும் எனக்கு வேண்டாம்.

கர்த்தர் உன் கைகளை ஆசீர்வதிக்கட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு. மறந்துவிடாதே, நீ தாமதமாக வரவில்லையம்மா, சீட்டுக் கொடுத்தபோதே அவர் போய்விட்டார் என்று அவளிடம் முதலில் சொல். மன்னிப்பெல்லாம் பிறகு கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா
சாந்தகுமாரி