ஒன்பதாம் கட்டம்

மார்ச் 4
புது விதி வந்ததிலிருந்து எங்கள் துப்பாக்கி உரிமப் பிரிவில் மூச்சு விட நேரமில்லை. யாருடைய துப்பாக்கியையும் பிடுங்கவில்லை. பூட்டிய அலமாரி வேண்டும். வீட்டில் ஒருவரிடம் பயம் ஏதும் உண்டா என்று தனியாக விசாரித்து, படிவத்தின் ஒன்பதாம் கட்டத்தில் ‘ஆட்சேபம் இல்லை’ என்று நான் எழுத வேண்டும். அதற்கே ஆளாளுக்கு எரிந்து விழுகிறார்கள். தெரிந்தவர்கள் என்றால் விசாரிக்காமலே எழுதிவிடுகிறேன். இன்று அண்ணனுடையதையும் எழுதிவிட்டேன். அண்ணியைப் போய் நான் என்னத்தை விசாரிக்க?

மார்ச் 9
அலமாரியைப் பார்க்க அண்ணன் வீட்டுக்குப் போனேன். தோட்டத்தில் பன்றி விரட்டத்தான் துப்பாக்கி. பட்டப்பகலில் அலமாரி துப்பாக்கியோடு திறந்து கிடந்தது. எதிரே ஒரு நாற்காலி.

“பூட்டிட்டுத்தான் போறேன். வாரத்துல நாலு நாள் இப்படித்தான். பேய் இருக்கு போல” என்று அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தபடி நாற்காலியை நகர்த்தினேன். உட்காரும் இடம் சூடாக இருந்தது.

மார்ச் 10
அந்தச் சூடு இன்னும் கையிலேயே இருக்கிறது.

மார்ச் 12
அண்ணன் தோட்டத்துக்குப் போன நேரம் பார்த்துப் போனேன். அண்ணி அந்த நாற்காலியில், திறந்த அலமாரியைப் பார்த்தபடி. மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் திரும்பினார். “வா, காபி போடட்டுமா?”

விதிப்படி கேட்டேன். அண்ணனிடம் பயமா?

“அவர் பாவம். எனக்கு என்னைக் கண்டாத்தான் பயம். அந்தத் துப்பாக்கி கூப்பிடற மாதிரி இருக்கும். இன்னைக்கு மட்டும் தொடாம இருந்துடணும்னு உட்கார்ந்திருப்பேன்.”

“யார்கிட்டயும் சொல்லலையா அண்ணி?”

“யாரு கேட்டா?”

நான்தான் கேட்டிருக்கணும். கேட்காமலே எழுதினேனே, என்ன மனுஷி நான்? அண்ணன் வரும்வரை அண்ணியை விட்டு நகரவில்லை.

மார்ச் 13
ஒன்பதாம் கட்டத்தை அடித்து, என் தப்பையும் எழுதிக் கொடுத்தேன். “சொந்த அண்ணனுக்கேவா?” என்றார் அதிகாரி. துப்பாக்கி எங்கள் பாதுகாப்பறைக்கு வந்துவிட்டது. தேவைப்படும் நாளில் அண்ணன் எடுத்துப் போய், ஐந்து மணிக்குள் திருப்பித் தர வேண்டும். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

மார்ச் 20
அண்ணியை டாக்டரிடம் கூட்டிப்போனேன். காலி அலமாரி நேற்றும் திறந்து கிடந்ததாம்.

மே 6
அண்ணன் நாலரைக்கே துப்பாக்கியைக் கொண்டுவந்து தந்தார். இரண்டு மாதம் கழித்து இன்றுதான் என்னிடம் பேசினார்.

“இது இங்கயே இருக்கட்டும். மத்தியானம் நான் இப்ப தோட்டத்துக்குப் போறதில்ல. அவ பக்கத்துல இன்னொரு நாற்காலி போட்டிருக்கேன்.”