ரெண்டு சீட்டு வண்டியில் மாப்பிள்ளை அழைப்பு

உ

தியாகராய நகர், சென்னை
சர்வதாரி வருஷம், மாசி மாதம் 4ந் தேதி

சிரஞ்சீவி வைரவனுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, கோபாலபுரத்தில் உன் தங்கை விஜயா, மாப்பிள்ளை எல்லாரும் திருச்செந்தூர் முருகன் புண்ணியத்தில் சௌக்கியம். நீயும் அங்கே பனியிலும் குளிரிலும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். கார் மட்டும் சௌக்கியமில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் நீ கடிதத்தைப் பிரித்ததும் அம்மா எப்படி இருக்கிறாள் என்று பார்க்கமாட்டாய், கார் எப்படி இருக்கிறது என்றுதான் தேடுவாய். போன கடிதத்திலும் அப்படித்தான், கார் நலமா, அப்பா நலமா, நான் படிப்பு முடித்து வரும்வரை காரை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, ஓரத்தில் இடம் மிச்சம் இருக்கவே அம்மாவுக்கு நமஸ்காரம் என்று சேர்த்திருந்தாய். விஜயலக்ஷ்மி கல்யாணம் நல்லபடியாக நடந்தது என்று அப்பா தந்தி கொடுத்தாரே, அதில் கார் கதை இல்லை. அவருக்கு எழுத வெட்கமாம், நீயே எழுது என்று என்னிடம் தள்ளிவிட்டார்.

அந்தத் துறைமுகத்துத் துரை சீமைக்குக் கிளம்பும்போது, அடையாற்றுப் பங்களாவில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த இந்த ரேஸ் காரை நீயும் அப்பாவும் போய் வாங்கி, மாட்டு வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு வந்தீர்களே, அன்றைக்கே நான் கேட்டேன், வீட்டில் நாலு பேர், வண்டியில் ரெண்டு சீட்டு, இது எந்த ஊர் நியாயம் என்று. அதற்குப் பதில் சொல்லாமலே நீ கப்பல் ஏறிவிட்டாய். நான் அதற்குச் சீமைக்காரி என்று பேர் வைத்தேன், அதில் காலை வைக்கமாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். நீ போன பிறகு அப்பாவுக்கு அதுதான் பிள்ளை. காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் கொட்டகைக்குப் போய் அதன் முகத்தில்தான் விழிப்பார். ராயப்பேட்டை மெக்கானிக் அன்வர் பாஷாவுக்கு அவருடைய பட்டறையைவிட நம் கொட்டகையில்தான் வாசம் அதிகம். இரண்டு பேரும் அதன் வயிற்றைத் திறந்துவைத்துக்கொண்டு உள்ளே தலையை விட்டால், சாப்பாட்டுக்குக் கூப்பிட நான் கரண்டியால் தகரத்தைத் தட்ட வேண்டும். ஒரு நாள் பெட்ரோல் குழாயில் அடைப்பு, அது சரியானால் பிரேக் பிடிக்காது, பிரேக் பிடித்தால் ஹார்ன் தானாக அடித்துக்கொண்டே இருக்கும், நிறுத்த முடியாது. மேல் கூடாரம் கிழிந்தபோது நல்ல கான்வாஸ் கிடைக்கவில்லை என்று நம் ஜவுளிக்கடையிலிருந்து பூப்போட்ட ஜன்னல் திரையைக் கொண்டுவந்து தைத்துப் போட்டார். தூரத்தில் வரும்போது யாரோ தொட்டிலைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள் என்றுதான் தோன்றும். கடைக்கு வருகிறவர்கள் புடவை விலையைக் கேட்பதற்கு முன்னால், இன்றைக்குக் காரில் வந்தீர்களா நடந்து வந்தீர்களா என்று அவரைக் கேட்கிறார்கள். ஆனாலும் பொய் சொல்லக் கூடாது, அது ஓடுகிற நாளில் உன் அப்பா முகத்தை நீ பார்க்க வேண்டும். ரேஷன் கூப்பனுக்குக் கிடைக்கிற பெட்ரோலைச் சிறுகச் சேர்த்து, ஞாயிற்றுக்கிழமை விஜயாவை ஏற்றிக்கொண்டு பீச் ரோட்டில் ஒரு ஓட்டம் விட்டு வந்தால், தலைமுடியெல்லாம் நட்டுக்கொண்டு, பல்லெல்லாம் தூசியாக, சிரித்துக்கொண்டே இறங்குவார். ஒரு தரம் ஆசை மிகுந்து ஊரூர் குப்பத்துப் பக்கம் மணலில் இறக்கிவிட்டார், பாதிச் சக்கரம் உள்ளே போய்விட்டது. குப்பத்து ஜனங்கள் வலைக்கயிற்றைக் கட்டி இழுத்துவிட்டார்கள். மீன் கூடையோடு நின்ற ஒரு அம்மாள், இன்னா சாமி, இத்தப் படகுன்னு நெனச்சிகினு கடலாண்ட இட்டாந்தியா என்று கேட்டாளாம். விஜயா வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

இப்போது கல்யாணத்துக்கு வருகிறேன். சம்பந்தியம்மாள் மீனாட்சி சீர் செனத்தி என்று எதையும் வாய் திறந்து கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள். மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த கார் வேண்டும், நாலு தெரு ஜனங்களும் என் பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டும் என்றார்கள். அந்தம்மாள் அதிகம் பேசாத மனுஷி, பேசாதவர்களைக் கண்டால் எனக்குப் பயம் அதிகம். மவுண்ட் ரோட்டில் வாடகைக்குப் பெரிய திறந்த வண்டி கிடைக்கிறது, ஊரெல்லாம் அதில்தானே அழைக்கிறார்கள், அதையே சொல்லிவிடலாம் என்றேன். உன் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, வீட்டில் திறந்த கார் நிற்கும்போது வாடகை வண்டியில் என் மாப்பிள்ளையை அழைப்பேனா என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அன்வர் பாஷாவைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு சொன்னேன், அழைப்பில் இது நடுத்தெருவில் நின்றால் கல்யாணம் முடிந்த கையோடு சீமைக்காரி இந்த வீட்டைவிட்டுப் போய்விட வேண்டும் என்று. அப்பா ஒரு நிமிஷம் யோசித்தார், உன் நினைப்புத்தான் என்று எனக்குத் தெரியும். பிறகு சரி என்று கையடித்துக் கொடுத்துவிட்டார். நான் அதோடு விடவில்லை, பழைய வண்டி வாங்கி விற்கும் பீர் முஹம்மதுவுக்கு ஆள் விட்டு, கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள் வந்து பார்க்கும்படி சொல்லிவிட்டேன். என்மேல் கோபித்துக்கொள்ளாதே, கடைசிவரை படி.

இரண்டு பேரும் மார்கழி மாதம் பூராவும் அதைக் கழற்றிக் கழற்றி மாட்டினார்கள். அடையாற்றுப் பாலம்வரை ஓட்டிப் பார்த்தார்கள், சாந்தோம்வரை ஓட்டிப் பார்த்தார்கள், அம்பு போலப் போகிறது, இனிக் கவலையில்லை என்று அன்வர் பாஷா மார்தட்டினார். அழைப்பு என்றால் நாதஸ்வரத்துக்குப் பின்னால், காஸ் விளக்குக்காரர்கள் நடக்கிற நடைக்குத்தான் போக வேண்டும் என்று இரண்டு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வேகமாக ஓடப் பிறந்த வண்டிக்கு நடக்கத் தெரியாது. அது போதாதென்று, அன்றைக்குச் சாயங்காலம் உன் அப்பா ஜவுளிக்கடைக்காரர் புத்தியைக் காட்டிவிட்டார். வண்டியின் மூக்கில் கம்பி வலை இருக்கிறதே, அது பார்க்க மொட்டையாக இருக்கிறதென்று கடையிலிருந்து கெட்டிச் சரிகை போட்ட அரக்குப் பட்டைக் கொண்டுவந்து இழுத்துக் கட்டி, அதன்மேல் மல்லிகைச் சரமாகத் தொங்கவிட்டார். நானும் அழகாக இருக்கிறது என்றுதான் சொன்னேன். உஸ்மான் ரோட்டுப் பிள்ளையார் கோயிலில் மாப்பிள்ளை சிவசைலத்துக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து வண்டியில் ஏற்ற வேண்டியவன் நீ. உன் இடத்தில் உன் சித்தப்பா மகன் போட்டான். அவன் நன்றாகத்தான் செய்தான், ஆனால் எனக்குக் கண் கலங்கிவிட்டது, காஸ் விளக்குப் புகை என்று சொல்லிச் சமாளித்தேன். அப்பா ஓட்டினார், பக்கத்தில் மாப்பிள்ளை. ரெண்டு சீட்டும் நிறைந்துவிட்டது.

பனகல் பார்க் திரும்பும்வரை சரியாக வந்தது. அங்கே நாதஸ்வரக்காரர் நின்று வாசிக்க ஆரம்பித்தார், வண்டியும் உறுமிக்கொண்டே நின்றது. கொஞ்ச நேரத்தில் மல்லிகைக்குள்ளிருந்து இட்லிப் பானை மாதிரி ஆவி கிளம்பியது. ஷெர்வானியும் அத்தருமாக, சம்சாரம் ஜைதூன் பீயை அழைத்துக்கொண்டு விருந்தாளியாக வந்த அன்வர் பாஷா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்து பட்டைப் பார்த்தார். இன்னா மொதலாளி, மூக்கைப் பொத்திகினு ஓடுன்னா அது எப்டி ஓடும், மூச்சு வுட வாணாவா என்று தலையில் அடித்துக்கொண்டு பட்டை அவிழ்த்து எறிந்தார். சூட்டோடு தண்ணீர் விடக் கூடாது, ஆறட்டும் என்றார். நாதஸ்வரக்காரர் விஷயம் தெரிந்தவர், தோடியை எடுத்துக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்துவிட்டார். ஆறினதும் தண்ணீர் தண்ணீர் என்று அப்பா கத்த, யாரோ கைக்குக் கிடைத்த குடத்தைத் தூக்கிக் கொடுத்தார்கள். அது ஜனங்கள்மேல் தெளிக்கப் பன்னீர் கலந்து வைத்திருந்த குடம். முழுவதையும் ஊற்றிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வண்டி மறுபடி கிளம்பியது, நாலு வீடு தாண்டுவதற்குள் மறுபடி கொதித்தது, இந்தத் தரம் தெரு பூராவும் பன்னீர் வாசனை. பிறகு உள்ளே ஏதோ வெடித்த சத்தம் கேட்டு, சீமைக்காரி அடங்கிவிட்டாள். மாப்பிள்ளை, நான் இறங்கித் தள்ளுகிறேன் மாமா என்று காலைத் தூக்கினார். அப்போதுதான் சம்பந்தியம்மாள் வாயைத் திறந்தார்கள். அழைப்புல ஏறின புள்ள பாதி வழியில எறங்கப்பிடாது, இத்தன ஆம்பள எதுக்கு நிக்கீங்க, தள்ளுங்க என்றார்கள். அவ்வளவுதான், அவர்கள் வீட்டு ஆட்கள், நம் வீட்டு ஆட்கள், ஷெர்வானியோடு அன்வர் பாஷா, எல்லாரும் சேர்ந்து தள்ளினார்கள். எஞ்சின் சத்தம் இல்லாமல், நாதஸ்வரம் ஒரு பிசிறு விடாமல் கேட்க, நடக்கிற நடைக்கு அழகாக வந்து நம் பந்தலில் நின்றது. அப்பா மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். நான் ஆரத்தித் தட்டோடு சம்பந்தியம்மாளிடம் மன்னிப்புக் கேட்கப் போனால், அந்தம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, எத்தனையோ அழைப்பு பார்த்திருக்கேன், காருக்குள்ள இருந்து பன்னீரப் புகையா விடுற ஏற்பாட எங்கயும் பார்த்ததில்ல, சீமையில இருந்து உங்க மகன் சொல்லிக் குடுத்ததா என்றார்கள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கோபாலபுரம் முழுக்க இப்போது அந்தப் பேச்சாம். அந்த வீட்டில் யாராவது உன்னைக் கேட்டால் நீயும் சிரித்து வைத்துவிடு.

மூன்றாம் நாள் வந்தது. விஜயா மறுவீடு முடிந்து புகுந்த வீட்டுக்குப் போய்விட்டாள், விருந்தாளிகள் ஊருக்குப் போய்விட்டார்கள், பந்தக்கால் பிரித்த குழி மட்டும் வாசலில் இருக்கிறது. காலையில் அடுக்களையில் பழைய பழக்கத்தில் நாலு தம்ளரை எடுத்து வைத்துவிட்டு, இரண்டைத் திரும்ப உள்ளே வைத்தேன். அப்பாவைக் காணவில்லை. கொட்டகையில் போய்ப் பார்த்தால், பீர் முஹம்மது வருகிற நாள் என்று எனக்கு ஞாபகப்படுத்தாமலே, காரைக் கழுவித் துடைத்து, இடுக்கில் ஒட்டியிருந்த மல்லிகையை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை வாதாடியிருந்தால் நானும் பதிலுக்கு வாதாடியிருப்பேன். வாக்குக் கொடுத்தாகிவிட்டது, வைரவனுக்கு நீதான் எழுத வேண்டும் என்று மட்டும் சொன்னார். அதற்குள் பீர் முஹம்மது வந்து வண்டியைச் சுற்றிப் பார்க்கத் தொடங்கினார். கொடுப்பதாக இல்லை பாய் என்று சொல்லிவிட்டேன். இன்னாம்மா, நீங்கதானே ஆள் வுட்டு வரச் சொன்னீங்கோ என்று அவர் திகைத்துப் போனார், பட்சணம் கட்டிக் கொடுத்து அனுப்பினேன். உன் அப்பா துணியும் கையுமாக அப்படியே நின்றார். நடுத்தெருவில் நின்றால்தானே போக வேண்டும் என்று பேச்சு, அது எங்கே நின்றது, வீடுவரை வந்துவிட்டதே என்றேன். பிறகு காபியை அங்கேயே கொண்டுவந்து, பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். ஏறுகிறதாவது, தரையில் பாய் போட்டு உட்காருகிற மாதிரிதான் இருக்கிறது, காலை நீட்டிக்கொண்டால் சுகமாகத்தான் இருக்கிறது. ஓடாத வண்டியில் உட்கார்ந்து இரண்டு பேரும் காபி குடித்தோம். வீட்டில் நாலு பேர், வண்டியில் ரெண்டு சீட்டு என்று இத்தனை நாள் சண்டை பிடித்தேன். இப்போது வீட்டிலும் ரெண்டு பேர்தான்.

அன்றைக்கு வெடித்தது எஞ்சின் மூடிக்கு அடியில் வைக்கிற தகடு, காஸ்கெட் என்று பேராம். அதோடு தண்ணீர் போகிற ரப்பர் குழாயும் கிழிந்துவிட்டது. இங்கே எங்கும் கிடைக்கவில்லை, அன்வர் பாஷா ஒரு பஸ்ஸிலிருந்து கழற்றி வெட்டி வைக்கிறேன் என்கிறார், நான் தடுத்து வைத்திருக்கிறேன். நீ அங்கே விசாரித்து வாங்கி அனுப்பு, அளவெல்லாம் அப்பா தனித்தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறார். சரியானதும் முதல் ஓட்டம் கோபாலபுரத்துக்கு, விஜயாவைப் பார்க்க, நானும் போகிறேன். கழுத்துக்குக் கம்பளி சுற்றாமல் வெளியே போகாதே, வெந்நீரில் குளி, ராத்திரியில் பசியோடு படுக்காதே. படிப்பு நல்லபடியாக முடிய முருகன் துணையிருப்பான், நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். இன்னொன்று, அது நீ உட்காருகிற சீட்டு என்று எனக்குத் தெரியும், வேறு யாரும் உட்கார்ந்துவிடாமல் நான் உட்கார்ந்திருக்கிறேன். நீ வந்து எதிரே நின்றால் அந்த நிமிஷமே இறங்கிக்கொள்வேன். என்னை இறக்கிவிடச் சீக்கிரம் வந்து சேர்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்த்திருக்கும் அம்மா,
தங்கபுஷ்பம்