விடுபட்ட உட்தலைப்புகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

செவ்வாய்க்கிழமை எஸ்தரிடம் ‘தவறு என்னுடையது’ என்று நான் சொல்லவில்லை. அதை எழுதுமுன் கேட்கிறேன், உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? திராட்சைப் பந்தலுக்கு மருந்தடிக்கும்போது அப்பா முகத்தை மூடிக்கொள்கிறாரா? சென்னையில் நான் நலம்.

எஸ்தர் கெங்குவார்பட்டிப் பெண். பார்வை இல்லாதவள், ஆசிரியர் தேர்வுக்குப் படிக்கிறாள். எங்கள் ஒலிநூலகத்துக்குப் போன் செய்தாள்.

“அக்கா, பிளேயர்ல ஆறாம் பட்டனை அமுக்குனா அடுத்த பாடத்துக்கே தாவுது. நடுவுல ஒரு தலைப்பு வேணும்னா முதல்லருந்து கேக்கணும். இதை வாசிச்சவக எங்கனயும் மூச்சே விடலையா?”

“எட்டை அமுக்குங்க. ‘உட்தலைப்பு’ன்னு சொன்னதும் ஆறை அமுக்குங்க.”

“அமுக்கிட்டேன். ‘பாடம்’னு மட்டுந்தான் சொல்லுது. ஞாயித்துக்கிழமை பரீட்சைக்கா.”

அந்த நூலில் பட்டன் தாவி நிற்கவேண்டிய தலைப்புகளைக் குறித்தவள் நான்தான். உட்தலைப்புகள் அச்சில் சிறியதாக இருந்ததால் விட்டுவிட்டேன். “சரிபார்த்து அனுப்புறோம்” என்றேன். பக்கம் புரட்டும்போது என் கண் எத்தனை வரிகளைத் தாண்டி வேண்டிய இடத்தில் நிற்கிறது என்று அன்றிலிருந்து கவனிக்கிறேன். விசித்திரமாக இருக்கிறது.

கொஞ்சம் கருவாட்டுப் பொடி அனுப்புங்கள். போனில் எனக்காக ஊர்ப் பேச்சை மாற்றிப் பார்த்துப் பார்த்துப் பேசவேண்டாம், வீட்டில் பேசுவதுபோலவே பேசுங்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

உங்கள்
அனுசுயா

பி.கு. இந்தக் கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. நாற்பது பாடங்களுக்கும் உட்தலைப்புகளைக் குறித்து முடிக்க ஐந்து நாள் ஆயிற்று. ஞாயிறு காலை எஸ்தர் பரீட்சை எழுதினாள். திருத்திய நூல் அன்று மாலைதான் அவளுக்குக் கிடைத்தது.