போதகர் சிப்பி உரிக்க வந்தார்

அன்புள்ள அப்பாவுக்கு மகள் சுக்-ஹியாங் வணக்கத்துடன் எழுதுவது. இருமல் குறைந்ததா? இங்கே தோங்யோங் துறைமுகத்தில் நான் சுகமாகவே இருக்கிறேன்.

எங்கள் சபையின் பழைய போதகர் ஓய்வு பெற்றதும், மின்-ஆ என்ற பெண்ணைப் போதகராக ஏற்பதா என்று வாக்கெடுத்தார்கள். நான் கை தூக்கினேன். இரண்டே வாக்கு வித்தியாசத்தில் அவர் வந்துவிட்டார். என்னோடு அறையில் இருக்கும் குவாக் அக்காவும், சிப்பி உரிக்கும் கொட்டகையில் கூட வேலை செய்யும் பெண்களும், பெண் போதகர் வேண்டாம் என்று சபைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். என்னோடு பேசுவதையும்தான்.

செவ்வாயன்று போதகரே கொட்டகைக்கு வந்து, கத்தியை வாங்கி எங்களோடு உட்கார்ந்தார். மூன்றாவது சிப்பியிலேயே விரலைக் கிழித்துக்கொண்டார்.

"பிரசங்கம் மாதிரி இதுவும் அரைகுறைதான்," என்றார் குவாக் அக்கா.

"நீங்கதான் ஒண்ணு கூட கேக்கலையே அக்கா," என்றார் போதகர்.

யாரும் சிரிக்கவில்லை. அக்கா தன் ரப்பர் கையுறையைக் கழற்றிப் போதகர் மடியில் போட்டார். ஞாயிறன்று அவர்கள் சபைக்கு வருவார்களா, தெரியவில்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அம்மாவிடம் சொல்லி முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாய் அனுப்புங்கள். கொஞ்சம் போதும், இப்போது நான் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். வேலைக்கு மணி அடித்துவிட்டது. அப்பா, நீங்களும் உங்கள் சபையில் மூப்பர். நீங்கள் கை தூக்கியிருப்பீர்களா? அதை மட்டுமாவது எழுதுங்கள்.

சுக்-ஹியாங்