நான்கு வீடுகளும் பதினாறு கட்டங்களும்

தரையையே பாயலாக்கி, அலையோசை கேட்டுத் துயிலும் கடல்மல்லைப் பெருமானின் திருவடிகளை வணங்கி இம்மடலைத் தொடங்குகிறேன்.

அன்புள்ள சம்பந்தி,

இன்று காலை தெருவில் இஸ்திரிக்காரர் பெட்டிக் கரியை விசிறினார். அந்த வாசனை என்னை எழுபதுகளின் ஒரு பிற்பகலுக்குக் கொண்டுபோயிற்று. சதுரங்கப்பட்டினத்தில் என் வீட்டுக் கூடம். உங்கள் மகனுக்கும் என் மகளுக்கும் மறுநாள் திருமணம். முன்னதாகவே வந்துவிட்ட நீங்கள், அடுப்புக்கரித் துண்டோடு சிமெண்டுத் தரையில் குந்தியிருந்தீர்கள்.

உங்கள் உறவினருக்காகப் பந்தலிலிருந்து கடலை நோக்கி வரிசையாக நான்கு வீடுகளை ஒழித்து வைத்திருந்தேன். உங்கள் அக்கா, அண்ணன், தம்பி, மைத்துனர் என நான்கு குடும்பங்கள் தங்க வேண்டும். அண்ணனுக்கும் மைத்துனருக்கும் ஆகாது. முன்பு ஒரு கல்யாணத்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இறங்கி, வாய்ச்சண்டை முற்றி, தாலி கட்டுமுன்பே அண்ணன் தம் ஆட்களோடு பஸ் ஏறிவிட்டாராம். என் மகளின் முகூர்த்தமும் அப்படிக் கெட்டுவிடுமோ என்று எனக்கு நடுக்கம்.

"பெருமாள் மேல பாரத்தப் போட்டு, யாரையாவது எங்கியாவது எறக்கிடலாம் சம்பந்தி" என்றேன்.

"பெருமாளுக்கு ஆயிரம் வேல கீது. இது நம்ம வேல. குந்துங்க."

வாரப் பத்திரிகை வந்தால் புதிர்ப் பக்கத்தை முதலில் திறப்பவர் அல்லவா நீங்கள்! ஆளுக்கு ஒரு வரிசை, வீட்டுக்கு ஒரு பத்தி என்று பதினாறு கட்டங்கள் கீறினீர்கள்.

"யாரு எங்கன்னு இப்பவே தேடாதீங்க. யாரு எங்க முடியாதுன்னு பாருங்க. முடியாததுக்குப் பெருக்கல் குறி."

இதுவன்று, இதுவன்று என விலக்கி விலக்கிப் பரம்பொருளை நாடும் மறைநெறி அல்லவா இது என்று நான் நெகிழ்ந்தேன். "அத அப்பால சொல்லுங்க, கரி தேயுது" என்றீர்கள்.

அக்காவுக்கு முழங்கால் வலி; பந்தலை ஒட்டிய முதல் வீடுதான். அங்கே சரிக்குறி இட்டதும், அவர் வரிசையிலும் அவ்வீட்டின் பத்தியிலும் மீதியெல்லாம் பெருக்கல் குறி. தம்பியின் பீடிப்புகை அக்காவுக்கு ஒவ்வாது. ஆகவே அக்கா வீட்டை ஒட்டிய இரண்டாம் வீடு தம்பிக்கு இல்லை. நான்காம் வீட்டில் நாய் உண்டு. மைத்துனருக்கு நாயென்றால் குலைநடுக்கம்.

தம்பிக்கு மூன்றா, நான்கா? நான் துணிந்து நான்கில் குறியிடப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "தோணுதுன்னு போடாதீங்க. போட்டா இன்னா ஆவும்னு பாருங்க." தம்பி நான்கில் என்றால், ஆகாதவர் இருவருக்கும் எஞ்சுவன இரண்டும் மூன்றும். சுவரோடு சுவர்! எனவே தம்பி மூன்றில். நாய்க்கு அஞ்சும் மைத்துனர் இரண்டில். அண்ணனுக்கு நான்கு. ஊகத்துக்கு இடமே இல்லாமல் கட்டம் நிறைந்தது. நான் கரிபடிந்த கைகளைக் கூப்பினேன்.

மாலையில் அண்ணன் வந்தார். வீட்டைக் கண்டதும் முகம் கறுத்தது. "மூத்தவன் நானு. எனக்குக் கடேசி வூடா? டேய், பையத் தூக்குங்கடா, கெளம்பலாம்!"

நான் ஓடிப்போய்ப் பையைப் பற்றிக்கொண்டேன். நீங்களோ சிரித்தீர்கள்.

"இன்னா அண்ணாத்த, கடலுக்குப் போறவன் நீ, பந்தல்லேர்ந்து எண்ணிகினு கீறே? கடல்லேர்ந்து வந்து பாரு, எது மொத வூடு?"

அவர் கடலைப் பார்த்தார். வீட்டைப் பார்த்தார். மீசையைத் தடவிக்கொண்டார். "நாய் யாருது? நல்லா கீதே" என்று செருப்பைக் கழற்றினார்.

மறுநாள் மாங்கல்யம் ஏறியபோது எல்லாருக்கும் முன்னதாக அட்சதை தூவிய கை அவருடையதே.

சம்பந்தி, இன்றும் எந்தச் சிக்கலிலும் ஆகாதவற்றையே முதலில் விலக்குகிறேன். அதற்குப் பின்னும் ஒருவர் மனம் நோகுமானால், அவர் நிற்கும் பக்கம் போய் நின்று ஒருமுறை எண்ணிப் பார்க்கிறேன். பத்திரிகைப் புதிர்களில் இல்லாத இந்த விதியை உங்களிடமிருந்தே பெற்றேன்.

இதை வாசிப்போர் இல்லங்களில் மங்கலம் பெருகுக. பிணங்கியவர் இணங்குக. அங்கே வந்து இறங்கும் ஒவ்வொருவருக்கும் தம் இடமே முதலிடமாய்த் தோன்ற இறைவன் அருள்க.