ரெண்டு முனையும் ஒரே கனத்தில் ஓர் அம்பு

11.7.06 செவ்வாய்
வெயில். காலை ஷிஃப்ட். மில்லில் நாள் முழுக்கக் கம்பி அளந்தேன். ஒரு முனை கனம், ஒரு முனை இளைப்பு என்றால் ரிஜெக்ட். பதினொன்று தள்ளினேன். ஃபோர்மேன் முறைப்பு.

மூன்று மணிக்குப் பொன்னேரி, கபீர் பாயின் பிரவுசிங் சென்டர். நான் எழுதும் கேமுக்கு அவர்தான் முதல் ரசிகர். வில்லாளிகள் ஐம்பது பேர், எதிரே கேடயப் படை. அம்பு மேலே போகிறது, மூக்கைத் தூக்கியபடியே இறங்குகிறது. வால்தான் முதலில் தரையைத் தொடுகிறது.
"இன்னா தம்பி, அம்பு வாலால குத்துது. எவன் சாவான்?"

சனிக்கிழமை சென்னைக் கேம் கம்பெனியில் இதைக் காட்ட வேண்டும். மூன்று வருடத்தில் நான்காவது கம்பெனி. இதுவும் இல்லையென்றால் கேமை மூட்டை கட்டிவிட்டு, மில்லில் சூப்பர்வைசர் பரீட்சை எழுதுவதாக ஸ்டெல்லாவிடம் வாக்கு. பெண்டாட்டிக்குக் கொடுத்த வாக்கு, தப்ப முடியாது. 

12.7.06 புதன்
மேகம். மழை இல்லை.
நிஜமாகவே ஓர் அம்பு செய்து பாரேன் என்றாள் ஸ்டெல்லா. நல்ல யோசனை. எனக்குத் தோன்றவில்லையே என்று கொஞ்சம் எரிச்சல்.
தேவை: மூங்கில் குச்சி. வில்லுக்கு பிளாஸ்டிக் பைப், நைலான் கயிறு.

குச்சியை வெர்னியர் வைத்து அளந்து, இரண்டு முனையும் ஒரே கனமாகச் சீவினேன். அழகு. பின்பக்கக் காலி மனையில் விட்டேன். குட்டிக்கரணம் போட்டு ஓர் ஆட்டின் முதுகில் குறுக்காக விழுந்தது. ஆடு மேய்ச்சலை நிறுத்தவில்லை.

ஸ்டெல்லா சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டாள். பிறகு குச்சியை ஒரு விரல் மேல் நிறுத்தினாள். சரியாக நடுவில் நின்றது.
"மில்லு புத்தி. முன்னாடி கனம் வேணும்யா. அங்க நீ ரிஜெக்ட் பண்றதுதான் இங்க பாஸு."

கம்ப்யூட்டரிலும் அதே கதை. இரண்டு முனையும் சம எடை, இறகு வெறும் படம். நானே எழுதியது. வெட்கம்.

14.7.06 வெள்ளி
நேற்று கறிக்கடையில் கோழி இறகு பொறுக்கினேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். முனையில் ஓர் இரும்பு நட்டு, வாலில் மூன்று இறகு. விட்டோம். உச்சிக்குப் போனதும் தானாகத் தலை குனிந்தது. இறங்கி, சதக். மண்ணில் குத்தி நின்றது. இருவரும் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்துவிட்டார்.

கேமிலும் மாற்றியாயிற்று. இப்போது அம்பு மழை.

ஸ்டெல்லா ஆடினாள். பாதி ஆட்களை வானத்தைப் பார்த்து எய்யவிட்டாள். எதிரி கேடயத்தைத் தலைக்கு மேல் தூக்கினான். மீதிப் பாதி நேரே, கால்மட்டத்தில். எதிரி காலி. இந்த வித்தையை நான் எழுதவில்லை, அவளாகக் கண்டது. ரொம்பப் பெருமை.

15.7.06 சனி
லீவு போட்டுச் சென்னை. ஸ்டெல்லா கீழே டீக்கடையில்.

கம்பெனி ஆள் எதிரிப் படையை எடுத்துக்கொண்டார். ஸ்டெல்லாவின் வித்தையைப் போட்டேன். தோற்றார். மறுபடி தோற்றார். பிறகு ஓர் அம்பை மெதுவாக ஓடவிட்டு, தலை குனியும் இடத்தில் நிறுத்தி வெகுநேரம் பார்த்தார். எங்கே படித்தீர்கள் என்றார். என் மனைவியிடம் என்றேன். ஒன்றாம் தேதி வந்து சேரச் சொல்லிவிட்டார்.

கீழே போய்ச் சொன்னேன். டீயை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குக் கண் கலங்கிற்று. எனக்கும்தான்.
"அடுத்து யானை வுடலாமா?"

சூலூர்ப்பேட்டை வண்டி. யானைப் படை வந்தால் முதலில் அடிப்பது பாகனையா, யானையையா, வழியெல்லாம் இதே பேச்சு. எங்கள் ஊர் கும்மிடிப்பூண்டி வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ஆரம்பாக்கத்தில் போய் இறங்கினோம்.