காட்டில் கிள்ளிய கொழுந்து

ஜூன் 3, செவ்வாய்

காலையிலேயே மழை. பாதையைப் பார்க்கப் போய்க் கால் முழுக்க அட்டை. பதுளை டவுனில் பஸ் ஹோர்ன் அடிப்பது கேட்கிற தூரத்தில் இப்படியொரு காடு இருக்கிறது என்றால் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரும் நம்புவதில்லை. அதில் எனக்கு வழிகாட்டி வேலை என்றால் இன்னும் நம்புவதில்லை. மாத முடிவில் வேலையை நிரந்தரமாக்கிவிடலாம் என்று பொறுப்பதிகாரி பத்மநாதன் சேர் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி நமுனுகுலைக்கு, அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"அங்க என்னத்தடி பறிக்கிறாங்க?"

"ஒண்ணும் பறிக்கக் கூடாதும்மா. சும்மா பாக்குறதுதான்."

"சும்மா பாக்குறதுக்குச் சம்பளமா?"

காலமெல்லாம் கொழுந்து பறித்து, போன வருஷம்தான் பென்சன் எடுத்தவர். வேறு எப்படிக் கேட்பார்!

ஜூன் 7, சனி

மழை விட்டால் போதும். மலை அணில் வரும் மரத்தை அம்மாவுக்குக் காட்ட வேண்டும்.

ஜூன் 8, ஞாயிறு

ஏன்தான் அம்மாவைக் கூப்பிட்டேனோ.

நான் முன்னால் நடந்தேன், அம்மா பின்னால். சித்தி மகள் கல்யாணத்தைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார். அணில் மரத்தடியில் திரும்பிப் பார்த்தேன். பாதை நெடுகப் பச்சையாகக் குவியல் குவியலாக என்னவோ கிடந்தது.

கொழுந்து. பாதையின் இரண்டு பக்கமும் நட்டிருந்த கன்றுகளின் நுனி. இந்த மலைகளைத் தவிர வேறெங்கும் இல்லாத மரம். விதை முளைக்க வைக்கவே சேர் படாத பாடு பட்டார். இடுப்பளவு வளர்ந்திருந்தது, தேயிலை உயரத்துக்கு. அம்மா நடந்தபடியே இரண்டு கையாலும் கிள்ளி, பிடி நிறைந்ததும் தோளுக்குப் பின்னால் வீசியிருக்கிறார். முதுகில் கூடை இல்லை என்பது கைக்குத் தெரியவில்லை.

அம்மா தன் கையைப் பார்த்தார். இன்னும் ஒரு பிடி இருந்தது.

"ஐயோ, இது எப்படிடி வந்திச்சு?"

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை. குவியல்களை எல்லாம் பொறுக்கிப் பள்ளத்தில் போட்டேன். வேலை போச்சு. போயே போச்சு.

ஜூன் 9, திங்கள்

சேர் கன்றுகளுக்கு முன்னால் குந்தியிருந்தார்.

"இதென்ன பிள்ளை? ஆர் செய்தது? குரங்கோ?"

"ஆமாங்க சேர். கொரங்காத்தான் இருக்கும்."

வாயில் இருந்து அப்படியே வந்துவிட்டது. என்னால் நம்ப முடியவில்லை. சேர் கிள்ளிய நுனி ஒன்றை விரலால் தடவிப் பார்த்தார்.

பின்னேரம் போனில் அம்மாவிடம், "பயப்படாதீங்க, கொரங்குன்னு சொல்லிட்டேன்" என்றேன்.

"நானாடி கொரங்கு?"

வைத்துவிட்டார்.

ஜூன் 10

போன் எடுக்கிறாரில்லை.

ஜூன் 11, புதன்

ஒபிஸ் கதவைத் திறந்தால் உள்ளே அம்மா! திருவிழாச் சேலை. சேருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, கொரங்கு இல்லீங்க. நான்தான். கை தானாப் போயிருச்சு. புள்ள வேலைய எடுத்துறாதீங்க."

"இருங்கோ அம்மா" என்று கதிரையை இழுத்துப் போட்டார் சேர். பிறகு என்னிடம் திரும்பினார்.

"குரங்கு நகத்தாலை இப்பிடி ஒரே சீராக் கிள்ளாது. எனக்கு அண்டைக்கே விளங்கினது. நீர் சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

அம்மா என் பக்கம் பார்க்கவே இல்லை. வெட்கம். வெட்கம்.

ஜூன் 30, திங்கள்

நிரந்தரமாக்கவில்லை. இன்னும் ஆறு மாதம் பார்ப்பார்களாம். கிள்ளிய கன்றுகள் சாகாது, ஆனால் நேராக வளராது என்றார் சேர்.

ஜூலை 6, ஞாயிறு

அம்மாவே போன் எடுத்து, "அந்த அணில இன்னும் பாக்கலியே" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பஸ்ஸால் இறங்கி, வாசலில் நுழைவு டிக்கெட்டும் எடுத்துக்கொண்டு வந்தார். காட்டுக்குள் நுழைந்ததும் இரண்டு கையையும் முந்தானையில் சுற்றிக்கொண்டார். கன்றுகள் இருக்கும் இடம் வந்ததும் நின்றுவிட்டார்.

"கையப் புடிச்சுக்கடி."

இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நான் பின்பக்கமாக நடந்தேன். அம்மா மரத்தையே அண்ணாந்து பார்த்தபடி வந்தார். அணில் வந்தது. வாயைத் திறந்து சிரித்தார்.

என் பிடிக்குள் விரல்கள் கிள்ளிக்கொண்டே இருந்தன. நான் விடவில்லை.